தையல் ஆறிவிட்டது, வயிறு இன்னும் ஆறவில்லை

கேள்வி: எனக்கு வயது 37. கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) இருக்கிறோம். சிறிய தேயிலைத் தோட்டம்தான் பிழைப்பு. உயரம் 156 செ.மீ., எடை 108 கிலோ இருந்தேன். சர்க்கரையும் மூட்டுவலியும் அதிகமானதால் கோவையில் இரைப்பையைச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இன்றோடு 18 நாள் ஆகிறது. வயிற்றில் போட்ட ஐந்து தையலும் ஆறிவிட்டன. ஆனால் அரை டம்ளர் கஞ்சி குடித்தாலே நெஞ்சை அடைக்கிறது. ஒன்றிரண்டு முறை வாந்தியும் வந்தது. எந்நேரமும் குளிர்கிறது, களைப்பாக இருக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. ஒரு வாரமாக எடையும் இறங்கவில்லை. 'இப்படிச் சாப்பிட்டால் உடம்பு தேறாது' என்று மாமியார் மணிக்கொரு தரம் கஞ்சி தருகிறார். கொழுந்து மிகுந்து வரும் நேரம் என்பதால் அடுத்த வாரம் தோட்டத்திற்கு வர முடியுமா என்று கணவர் கேட்கிறார். சர்க்கரை மாத்திரையை முன்புபோலவே போட்டுக்கொள்கிறேன். டீ குடிக்கலாமா? முடியெல்லாம் கொட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா? தவறு செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையை முன்புபோலவே போட்டுக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். இதைப் படித்தவுடனே அறுவை செய்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, எந்த மாத்திரை, எவ்வளவு என்பதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த அறுவைக்குப் பிறகு, எடை பெரிதாகக் குறையும் முன்பே, முதல் சில நாள்களிலேயே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். நீங்கள் உண்ணும் அளவும் பழைய அளவில் ஒரு சிறு பங்காகிவிட்டது. கிளிமிப்பிரைடு போல, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரையையோ இன்சுலின் ஊசியையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்து அது 70க்குக் கீழே காட்டினால், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். நீங்களாகவே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதும் சரியல்ல. இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி, தையல் ஆறிய பிறகும் ஏன் இந்தப் பாடு என்ற உங்கள் திகைப்புக்கு வருகிறேன். உங்கள் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை வெட்டி எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது ஒரு வாழைப்பழ அளவுக்கு ஒடுங்கிய குழாய். அதன் ஒரு பக்கம் முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஸ்டேப்ளர் ஊசிகளால் மூடப்பட்ட நீண்ட வெட்டுக்கோடு இருக்கிறது. தோலில் போட்ட ஐந்து சிறு துளைகள் பத்து நாளில் ஆறிவிடும். உள்ளே இருக்கும் அந்தக் கோடு நன்றாகக் கூடி உறுதிப்பட ஆறு வாரமாவது வேண்டும். இப்போது அந்த இடம் வீங்கியும் இருக்கிறது. அரை டம்ளரிலேயே நெஞ்சை அடைப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் வீட்டில் எல்லோரும் வெளியே தெரியும் ஐந்து தழும்புகளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மாமியாரின் கஞ்சியும் கணவரின் கேள்வியும் அன்பில்லாமல் வந்தவை அல்ல. உள்ளே இருக்கும் புண் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பகுதியை அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் கோட்டில் எங்காவது கசிவு ஏற்படுவதுதான் இந்த அறுவையில் நாங்கள் மிகவும் அஞ்சும் சிக்கல். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள்தான் வரும், நீங்கள் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் நாடி வேகமாவது பல சமயம் காய்ச்சலுக்கும் முன்னால் வந்துவிடும் என்பதால், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்க்க வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்வது நல்லது. அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவாலும் முதல் சில நாள்கள் தோள்பட்டை வலிக்கும், அது நாளுக்கு நாள் குறைந்து போய்விடும். இனிமேல் புதிதாக ஒரு தோள்வலி வந்தால் அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

சமவெளியில் இருக்கும் ஒருவருக்கு நான் 'காலையில் வாருங்கள்' என்று சொல்லக்கூடிய சில நிலைமைகளில் உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதன்பிறகு கோவை. மே மாதச் சீசன் நெரிசலில் அந்த வழி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதையும் மலையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே மேலே சொன்ன அறிகுறி ஒன்று தென்பட்டால், இரவு எந்நேரமானாலும், 108ஐ அழைத்து முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ச் சேருங்கள்; கோவைக்குப் போவதை அங்கிருந்து முடிவுசெய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். அங்கே பணியிலிருக்கும் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்: மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போடுவதற்கு முன் அறுவை செய்த மருத்துவரிடம் பேச வேண்டும், பல நாள் வாந்தி எடுத்திருந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமின் ஊசி போட வேண்டும்.

தையமின் என்பது வைட்டமின் பி1. அதன் கையிருப்பு நம் உடலில் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. உண்பது குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துபோய், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாடுவது, மனக்குழப்பம் என்று மூளையையே தாக்கிவிடும். உங்களுக்கு வந்த ஒன்றிரண்டு வாந்தி அப்படிப்பட்டதல்ல. வேகமாகவோ கூடுதலாகவோ குடித்ததால் வந்தது போலத்தான் தெரிகிறது. தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுவதும் வாந்தி எடுத்தாலோ, தினமும் வாந்தி என்ற நிலை இரண்டு மூன்று நாள் நீடித்தாலோ, வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

களைப்புக்கும் தலைசுற்றலுக்கும் மலையில் இருப்பவர்களிடம் நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீர்க் குறைவைத்தான். ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், குளிரில், தாகம் எடுப்பதே தெரியாது. முன்பு உங்கள் உடலுக்கு வேண்டிய நீரில் ஒரு பங்கு சோறு, குழம்பு, ரசம் வழியாகவே போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். மடக்மடக்கென்று குடிக்கவும் முடியாது. இதற்கு நான் சொல்லும் வழி இது: இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சிறு மூடிகளைப் போல 30 மில்லி பிடிக்கும் ஒரு அளவுக் கோப்பையையும், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் கால் மணிக்கு ஒரு கோப்பை என்று, அதையும் இரண்டு மூன்று மிடறாகக் குடித்தால், உணவு நேரங்களைக் கழித்தாலும் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்னும் பின்னும் கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர்ந்து போனால், தாகம் இருக்கிறதோ இல்லையோ, குறைவாகத்தான் குடிக்கிறீர்கள்.

உணவைப் பொறுத்தவரை உங்கள் மாமியாரோடு எனக்கு ஒரே ஒரு கருத்து வேறுபாடுதான் இருக்கிறது. அது அளவைப் பற்றியதல்ல, கஞ்சியைப் பற்றியது. அரிசிக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புண் ஆறவும், எடையோடு சேர்ந்து தசையும் கரைந்துபோகாமல் இருக்கவும் உங்களுக்கு வேண்டியது புரதம், அதுவும் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். மூன்று நான்கு வாய்தான் உள்ளே போகும் என்ற நிலையில் அந்த இடத்தைக் கஞ்சியால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது. இந்த வாரமும் அடுத்த வாரமும் எல்லாவற்றையும் மையாக மசித்தே உண்ண வேண்டும். உங்கள் ஊரில் இதற்குக் குறையே இல்லை. காய்ந்த அவரையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. வீட்டில் வழக்கமாக வைக்கும் அவரைக் குழம்பையே காரமில்லாமல், நன்றாகக் குழைய வேகவைத்து, தோல் நீக்கி மசித்து, இரண்டு மூன்று தேக்கரண்டி உண்ணலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மிருதுவாகக் கிளறியோ, அவித்துத் தயிரோடு மசித்தோ சாப்பிடலாம். ஆடை நீக்கிய பால், தயிர், பனீர், கெட்டியாகக் கடைந்த பாசிப்பருப்பு எல்லாம் நல்லவை. பருப்பு வேகவைத்த தண்ணீரை மட்டும் இறுத்துக் குடிப்பதால் பெரிய பயனில்லை. மேரக்காய் (சௌசௌ), கேரட் ஆகியவற்றைப் புரதம் உண்ட பிறகு இடமிருந்தால் மசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை செய்தாலும் இந்த மாதத்தில் 60 கிராமை உணவால் மட்டும் எட்டுவது கடினம் என்பதால், மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த புரதப் பொடியை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான உணவுகளும், ஏழாம் எட்டாம் வாரத்திலிருந்து மற்றவர்கள் உண்பதும் ஒவ்வொன்றாகச் சேரும்.

கேழ்வரகுக் களியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்லாமல், குழம்பில் தோய்த்து உருண்டையாக விழுங்கிப் பழகிய உணவு அது. அந்தப் பழக்கத்தோடு ஒரு சிறு உருண்டையை இப்போது விழுங்கினால், இந்த ஒடுங்கிய குழாயில் அது அப்படியே அடைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு கேழ்வரகு வேண்டுமென்றால் கூழாகக் குடிக்கலாம். எதை உண்டாலும் தேக்கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளை உணவுக்கு 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தது என்ற பழைய உணர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுக்குழியில் ஒரு சிறு பாரம், ஒரு விக்கல், திடீரென்று மூக்கில் நீர் வடிதல், இவற்றில் ஒன்று வந்தாலே போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் உண்ணும் அடுத்த வாய்தான் வாந்தியாக வெளியே வருகிறது.

டீயை முதல் மாதம் தவிர்த்துவிட்டு, பிறகு ஒரு நாளைக்கு ஒரு சிறு கோப்பை, இனிப்பு இல்லாமல் குடிக்கலாம். தேயிலை வீட்டில் இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேயிலையில் உள்ள டானின் இரும்புச்சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் செய்துவிடும். இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். நான் இன்னும் கூடுதலாக அஞ்சுவது டீயோடு வரும் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டைத்தான். நன்றாக மென்ற அவரையோ கோழிக்கறியோ மூன்று வாயிலேயே உங்களை நிறைத்து நிறுத்திவிடும். டீயில் நனைத்த வர்க்கி கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவதால் நான்கு ஐந்து என்று உள்ளே போனாலும் அடைப்புத் தெரியாது. மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் அப்படியே சேர்ந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து எடை திரும்பி ஏறியவர்களைக் கேட்டால், விருந்தை விட இப்படி நனைத்துத் தின்ற பண்டங்களே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரந்த பகுதியை எடுத்துவிட்டதால் இப்போது உங்களுக்குப் பசி குறைவு. ஓராண்டு வாக்கில் அது ஓரளவு திரும்பும். அதற்குள் நல்ல பழக்கங்கள் படிந்துவிட வேண்டும்.

சத்து மாத்திரைகளை எவ்வளவு நாள் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. பலரும் கேட்காமலேயே ஆறாவது மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் போட வேண்டும். வைட்டமின் பி12 உடலில் சேர்வதற்குத் துணைசெய்யும் சுரப்பு, நீக்கப்பட்ட இரைப்பைப் பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் வந்தது. அந்தக் குறைபாடு ஓராண்டு ஈராண்டு கழித்து, கால் மரத்துப்போவதாகவும் மறதியாகவும் தலைகாட்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தடுக்கும், ஆகவே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை இனித் தவிர்த்துவிடுங்கள். அவை அந்த ஒடுங்கிய இரைப்பையில் புண் உண்டாக்கும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும்.

தோட்டத்தைப் பற்றி உங்கள் கணவருக்கு நேரடியாகவே சொல்கிறேன்: அடுத்த வாரம் முடியாது. ஆறு வாரம் முடியும்வரை 5 கிலோவுக்கு மேல் எதையும் உங்கள் மனைவி தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், இலை மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துளை போட்ட இடங்களில் வயிற்றுச் சுவரின் உள்ளடுக்கு இன்னும் வலுப்பெறவில்லை. பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். ஆறு வாரம் கழித்து, மருத்துவர் பார்த்துச் சரி என்றால், முதலில் அரை நாள், சரிவு குறைந்த பாத்திகளில், இடுப்பில் கனமில்லாமல் கொழுந்து கிள்ளலாம். மூட்டை சுமப்பதை மூன்று மாதம்வரை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காகப் படுத்தே இருக்கவும் கூடாது. இரத்தக் கட்டி வராமல் இருக்க, வீட்டைச் சுற்றியுள்ள சமதளத்தில் பத்துப் பதினைந்து நிமிடமாக, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இப்போதே நடக்க வேண்டும். கோவைக்குப் பரிசோதனைக்குப் போகும்போது வளைவுகளில் குமட்டல் வரும் உடம்பு என்றால், வாந்தித் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன் இருக்கையில் அமருங்கள். வழியில் ஒருமுறை இறங்கிச் சற்று நடங்கள்.

எடை ஒரு வாரமாக இறங்காததற்கு அஞ்ச வேண்டாம். முதல் மாதத்தின் பிற்பகுதியில் இப்படி ஒன்றிரண்டு வாரம் நின்றுபோவது பெரும்பாலானவர்களுக்கு வருவது, மறுபடியும் இறங்கும். தினமும் எடைபோடுவதை விட்டு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு ஏறத்தாழ 47 கிலோ கூடுதலாக இருந்தீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம்வரை, அதாவது 24 முதல் 28 கிலோ குறைந்து, 80லிருந்து 84 கிலோவுக்கு வந்தால் இந்த அறுவை தன் வேலையைச் செய்துவிட்டது என்றே நான் சொல்வேன். அதற்கும் கீழே வருபவர்கள் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம். உங்கள் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் இந்த அளவே பெரிய விடுதலை.

முடி கொட்டும் என்பது உண்மை. மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் தொடங்கி, சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். வேர் சாவதில்லை, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். குளிர் கூடுதலாகத் தெரிவதற்கு உணவு குறைந்ததும் உடலைப் போர்த்தியிருந்த கொழுப்புக் கரையத் தொடங்கியதும் காரணம். கம்பளி ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்றாம் மாதப் பரிசோதனையில் இரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறையும்போது மாதவிலக்குச் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடிவிடும். ஆனால் 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதல்ல. எந்தத் தடுப்பு முறை ஏற்றது என்று மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

காரணமில்லாத அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது, சகோதரி. வலி, தூக்கக் குறைவு, நீர்க் குறைவு ஆகியவற்றோடு, மனம் சோர்ந்தபோதெல்லாம் கைகொடுத்த உணவும் ஒரே நாளில் உங்களிடமிருந்து விலகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உண்ணும்போது நீங்கள் மட்டும் இரண்டு தேக்கரண்டியோடு ஒதுங்கி உட்கார்ந்திருப்பது சின்ன வேதனை அல்ல. 'தவறு செய்துவிட்டேனோ' என்ற எண்ணம் முதல் மாதத்தில் பலருக்கும் வருகிறது. உணவு மென்மையான நிலைக்கு மாறி, கொஞ்சம் நடக்கவும் முடிகிறபோது பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் செய்துகொண்டது தவறல்ல. 37 வயதில் சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் உள்ள ஒருவருக்கு மருத்துவம் வைத்திருக்கும் நல்ல வழிகளில் இது ஒன்று.

வீட்டு விசேஷங்களுக்கும் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் தாராளமாகப் போங்கள். புறப்படுமுன் வீட்டிலேயே உங்கள் பங்கை உண்டுவிட்டு, அங்கே ஒரு சிறு கிண்ணத்தில் தயிரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தியில் உட்காராமல் இருப்பதற்கு மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்ற ஒரு பதில் போதும். அறுவை செய்த இடத்தில் 3, 6, 12 மாதங்களிலும் அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை உண்டு. இரத்தத்தைக் கோத்தகிரியிலேயே கொடுத்துவிட்டு அறிக்கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் ஒரே பயணத்தில் வேலை முடியும். இரத்த அணுக்கள், இரும்புக் கையிருப்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்தில் உங்கள் கணவரும் கூட வரட்டும்.